ஒரு கத்திக்கு எவ்வளவு கேட்பது? கைவேலைக்கு விலை போடும் கணக்கு

எண்ணெய் வாளிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஈர்க்கு முறிகிற அளவுதான். பட்டறை அண்ணை குறட்டை உயர்த்தி, கத்தியைச் சாக்கில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயிலிருந்து முதுகுப் பக்கமாக மயிர்போல ஒரு கோடு ஓடியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிட்டு அடுத்த துண்டை உலைக்குள் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற கிண்ணியா மீன் வியாபாரி, முடித்து வைத்திருந்த இன்னொரு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்: "தம்பி, பழைய இரும்பு கிலோ என்ன விலை போகுது? இது அரைக் கிலோகூட வராது. இதுக்கு ஐயாயிரமா?"

"சரி, உங்களுக்கெண்டபடியா நாலாயிரத்து ஐந்நூறு தாங்கோ நானா" என்றார் அண்ணை.

ஐந்நூறு ரூபா ஒரு மூச்சில் போய்விட்டது. அது எதற்குள்ளிருந்து போனது? கூலியிலிருந்தா, இலாபத்திலிருந்தா, அடுத்த மாதக் கரிக் காசிலிருந்தா? அண்ணைக்கும் தெரியாது, நானாவுக்கும் தெரியாது. திருகோணமலையில் கத்தி அடிப்பவர், பாய் இழைப்பவர், ஓலைப்பெட்டி பின்னுபவர் என்று யாரைக் கேட்டாலும் விலை என்பது வாயில் வருகிற ஒரு எண்ணாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பத்தாம் வகுப்புக் கணிதம்கூடத் தேவையில்லாத கணக்கு.

## 'நியாய விலை' என்று எதைச் சொல்கிறோம்

வாங்குபவர் இரும்பின் எடையைப் பார்க்கிறார். விற்பவர் "மனசுக்குப் பட்டதைக் கேட்டேன்" என்கிறார். பக்கத்தில் நிற்பவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைச் சொல்லி, அதுதான் நியாயம் என்று முடித்து வைக்கிறார். மூன்றுமே பிழை என்பது என் கருத்து. பேரத்தின் நடுப்புள்ளி, யாருக்கு வாய் கூட என்பதைத்தான் காட்டும்.

எங்கள் பேச்சில் 'கட்டாது' என்று ஒரு சொல் இருக்கிறது. "அந்த விலைக்குக் குடுத்தா எனக்குக் கட்டாது." இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும். அதே தரத்தில் இன்னொரு கத்தியை, அடுத்த வருடமும், கடன்படாமல் அடிக்க முடிகிற விலை செய்பவருக்குக் கட்டும். அதற்குக் கீழே போகக் கூடாது, அது தரை. வாங்கியவர் ஒரு வருடம் பாவித்துவிட்டு "குடுத்த காசுக்குப் பிழையில்லை" என்று சொல்லக்கூடிய உச்ச விலை கூரை. நியாயமான விலை தரைக்கும் கூரைக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. தரை எங்கே என்று தெரியாமல் பேரம் பேசுவதுதான் எங்கள் பட்டறைகளின் வியாதி.

அந்த வியாதிக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. முந்தின காலத்தில் கொல்லருக்குக் கத்திக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் வழக்கம் பெரிதாக இருக்கவில்லை. கமக்காரரின் மண்வெட்டி, அரிவாள், கலப்பைக் கொழு எல்லாவற்றையும் வருடம் முழுக்க அடித்துத் திருத்திக் கொடுப்பார். அறுவடை முடிய களத்தில் அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். அதற்குள் கரியும் அடக்கம், நேரமும் அடக்கம், பழுதும் அடக்கம். அந்த முறை போய்விட்டது. தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயலில் இப்போது அறுவடை மெஷின் இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை போடும் பழக்கம் மட்டும் பட்டறைக்குள் சரியாக வந்து சேரவில்லை.

## இடியப்பமும் ஓட்டோவும்

கத்தியை விட்டுவிட்டு முதலில் இடியப்பத்தைப் பாருங்கள். வீட்டில் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் அக்காவிடம் போய் "அரிசிமா கிலோ என்ன விலை?" என்று கேட்டு இடியப்பத்தின் விலையை மதிப்பிடமாட்டோம். விறகு இருக்கிறது, விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்புவது இருக்கிறது, உடைந்து போனதும் விற்காமல் திரும்பி வந்ததும் இருக்கிறது. விற்ற இடியப்பம்தான் விற்காத இடியப்பத்தின் செலவையும் சுமக்கிறது.

இப்போது ஓட்டோ. நகரத்திலிருந்து நிலாவெளிக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவு. அங்கே ஆளை இறக்கிவிட்டு ஓட்டோ பெரும்பாலும் வெறுமனே திரும்பி வரும். போகும்போது வாங்கிய காசில்தான் திரும்பி வரும் பெற்றோலும் எரிகிறது. டயர் இரண்டு பக்கமும்தான் தேய்கிறது.

கைவேலை விலையில் எல்லோரும் மறக்கிற இரண்டு விஷயங்கள் இவை: உடைந்த இடியப்பம், வெறும் ஓட்டோ.

## அந்த இரும்புத் துண்டுக்குள் நடப்பது

நானாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இரும்பு உண்மையிலேயே மலிவு. எங்கள் பக்கம் கத்திகள் பெரும்பாலும் லொறியின் பழைய வில்லுத் தகட்டில் அடிக்கப்படுகின்றன. அது உருக்கு, அதாவது கரிமம் கலந்த இரும்பு. வில்லுத் தகட்டில் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் கூட இருக்கும். கட்டடக்காரர் பாவிக்கும் சாதாரண மென்னிரும்பில் அதில் பாதிகூட இருக்காது. அதனால் மென்னிரும்பை எவ்வளவு அழகாக அடித்தாலும் அதில் கூர் நிற்காது.

வில்லுத் தகட்டிலும் கூர் தானாக நிற்பதில்லை. தகட்டை அடித்து வடிவாக்கிய பிறகு, காந்தம் ஒட்டாமல் போகும் வரை சூடாக்குவார்கள். அது 770 பாகை செல்சியசுக்குக் கிட்ட. அதற்குமேல் இன்னும் கொஞ்சம். பிறகு சட்டென்று எண்ணெயில் தோய்ப்பார்கள். இதுதான் தோய்ச்சல். இப்போது உருக்கு கண்ணாடி மாதிரி; கடினம், ஆனால் கீழே விழுந்தால் உடையும். அதனால் மீண்டும் 200 பாகைக்குச் சற்று மேலே மெல்லச் சூடு காட்டுவார்கள். துடைத்த உருக்கில் வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்த வேண்டும். நீலம் வரும்வரை விட்டால் மென்மை கூடிவிடும். மீன் முள்ளில் வாய் மடியும்.

அந்த 'டிக்' சத்தம் தோய்ச்சலில் வருவது. பழைய தகட்டில், வருடக்கணக்காக லொறியைச் சுமந்ததில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்திருக்கலாம். சூடு ஒரு பக்கம் கூடியிருக்கலாம். தண்ணீரில் தோய்த்தால் இன்னும் கூடுதலாக வெடிக்கும். தட்டித் தட்டி நிறம் பார்த்துப் பழகிய கை, பத்தில் ஒன்றை இழக்கலாம். பழகாத கை அதைவிடக் கூட இழக்கும். நானா விலைகொடுப்பது இந்த வித்தியாசத்துக்கு. இரும்பு அதன் சாட்சி மட்டும்.

## நேரத்துக்கு விலை: எட்டா, ஐந்தா?

இனி வரும் ரூபாக்கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டும் முறை மாறாது.

முதலில் சாமான் செலவு. வில்லுத் தகட்டுத் துண்டு 300, கரி 350, பிடி மரமும் பூணும் ஆணியும் 200, அரைக்கும் வட்டுத் தேய்ந்ததற்கு 150. மொத்தம் 1,000 ரூபா.

அடுத்தது நேரம். ஒரு நாள் கொப்பியும் பேனையுமாகப் பட்டறையில் குந்தியிருந்து எழுதினேன். மீன் வெட்டும் கத்தி ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம் அண்ணையின் நேரம். அதோடு பட்டறை வீட்டு அக்கா வந்து அரை மணித்தியாலம் சம்மட்டி போட்டா. அந்த அரை மணித்தியாலத்தை அண்ணை கணக்கிலேயே எடுக்கவில்லை. "அவ வீட்டு ஆள்தானே." வீட்டு ஆளின் தோள் வலிக்காது போல. நான் எழுதிக்கொண்டேன்: மூன்றரை.

மணித்தியாலத்துக்கு எவ்வளவு? இங்கே ஒரு நல்ல கேள்வி உதவும்: இந்த நேரத்தில் இவர் வேறு என்ன செய்து எவ்வளவு உழைத்திருப்பார்? உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு இது தெரியும். அமையச் செலவு என்பார்கள். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட இன்னொன்றின் பெறுமதி. அண்ணையின் கைக்கு மேசன் வேலை தண்ணி பட்ட பாடு. நாள்கூலி 4,000 என்று வைப்போம். எட்டால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 500.

இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். அந்த நாள் எட்டு மணித்தியாலத்தில் நடந்ததைக் கொப்பியில் பார்க்கிறேன். அன்புவழிபுரத்திலிருந்து ஒருவர் திருவலையின் பல்லைக் கூராக்கக் கொண்டுவந்தார், இருபது நிமிடம். அரைக்கும் வட்டு முடிந்து சைக்கிளில் டவுனுக்குப் போய் வந்தது முக்கால் மணித்தியாலம். காட்டுக்கத்தி ஒன்றுக்கு விலை கேட்டவர், தன் மகன் கட்டாருக்குப் போன கதையைச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம், கத்தி வாங்கவில்லை. கரி உடைத்தது, உலை கூட்டியது, போனில் பதில் சொன்னது. கத்தியாக மாறிய நேரம் ஐந்து மணித்தியாலம்தான். மற்ற மூன்றும் வெறும் ஓட்டோ.

அந்த மூன்று மணித்தியாலத்தை ஐந்துதான் சுமக்க வேண்டும். 4,000-ஐ ஐந்தால் பிரித்தால் 800. மூன்றரை மணித்தியாலத்துக்கு 2,800 ரூபா. எட்டால் பிரித்திருந்தால் 1,750 வந்திருக்கும். ஒரே கத்தி, ஒரே கை. பிரிக்கும் எண்ணில் விட்ட பிழையால் 1,050 ரூபா காற்றில் போகிறது. நானாவுக்கு விட்டுக்கொடுத்த ஐந்நூறு இதற்கு முன்னால் சின்னக் காசு.

இதுவரை சேர்ந்தது: சாமான் 1,000, உழைப்பு 2,800. இரும்பு இதில் 300.

## வாடகையும் உடைந்த கத்தியும்

ஒரு கத்தியும் அடிக்காத மாதத்திலும் வருகிற செலவுகள் உண்டு. இவற்றுக்கு வணிகப் பாடத்தில் மேந்தலை என்று பெயர். கொட்டகை வாடகை 9,000, மின்சாரம் 3,500, பஸ், போன் என்று 3,000. அரைக்கும் மெஷின் 24,000-க்கு வாங்கியது, இரண்டு வருடம் ஓடும். எனவே மாதம் 1,000 அதற்குள்ளிருந்து கரைகிறது. இப்படிக் கரைவதைப் பெறுமானத் தேய்வு என்பார்கள். ஊதுமெஷின், குறடு, அரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500. மாதம் 18,000.

24 வேலை நாள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் மாதம் 120. மணித்தியாலத்துக்கு 150 ரூபா மேந்தலை. எங்கள் கத்திக்கு 525. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்று மழையில் கொட்டகைக்குள் தண்ணி வந்துவிட்டால் வேலை நாள் குறையும், வாடகை குறையாது. ஆகவே நல்ல மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வருடத்தைப் போட்டுப் பன்னிரண்டால் பிரிக்க வேண்டும்.

இப்போது அந்த 'டிக்'. பத்தில் ஒன்று வெடிக்கிறது என்று வைப்போம். வெடிக்கும் நேரத்தில் அதில் 800 ரூபாச் சாமானும் இரண்டு மணித்தியால வேலையும் ஏறிவிட்டன. மணித்தியாலத்துக்குக் கூலி 800, மேந்தலை 150; ஆக இரண்டுக்கு 1,900. மொத்தம் 2,700 போய்விட்டது. மிஞ்சிய ஒன்பதும் ஆளுக்கு 300 சுமக்கின்றன. உடைந்த இடியப்பத்தின் கணக்கு.

கூட்டுவோம்: 1,000, 2,800, 525, 300. நாலாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. இதுதான் கிரயம், அதாவது அந்தக் கத்தி செய்து முடிய உண்மையில் விழுந்த செலவு. இதுதான் தரை.

நானாவுக்குக் கொடுத்த விலை 4,500. கத்தியோடு அண்ணை 125 ரூபாவையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

## இலாபம் வேறு, கூலி வேறு

"ஐயாயிரத்துக்கு வித்தா நாலாயிரம் இலாபம்தானே" என்று சொல்பவர்கள், கூலியை இலாபம் என்று எண்ணுகிறார்கள். செய்பவர்களே அப்படித்தான் எண்ணுகிறார்கள் என்பது இன்னும் மோசம். கூலி இன்றைய சோற்றுக்கு. இலாபம் பட்டறைக்கு: புதிய மெஷினுக்கு, வியாபாரம் இல்லாத மாதத்துக்கு, கை வெட்டுப்பட்டு மூன்று கிழமை படுத்தால் அதற்கு.

கிரயத்தில் நூற்றுக்குப் பத்து வைப்போம், 460 சொச்சம். விலை 5,100-க்குக் கிட்ட வருகிறது. பத்து வீதம் பேராசையா? ஒரு கம்பனியில் வேலைசெய்பவருக்கு, அவருடைய சம்பளத்துக்கு மேலே, முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அண்ணைக்கு முதலாளி இல்லை. 2,800 ரூபாக் கூலிக்கு 15 வீதம் 420. அதைத் தன் முதுமைக்கு அவரே எடுத்துவைத்தால் அந்த இலாபத்தில் மிஞ்சுவது ஒரு தேத்தண்ணிக் காசும் இல்லை.

## கூரை எங்கே

தரை 4,625 என்பதால் உலகம் 4,625 தந்துவிடாது. இதைக் கைவினைக்காரர்களுக்காக எழுதுபவர்கள் பலர் சொல்வதில்லை. ஒருவர் மெதுவாக வேலைசெய்தால் அந்த மெதுவுக்கு வாங்குபவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூரையைத் தீர்மானிப்பது பாவனை.

மீன் சந்தையில் நிற்கும் நானா நாள் முழுக்க அறக்குளாவும் பாரையும் சூரையும் வெட்டுபவர். கடையில் 1,500-க்குத் தகட்டில் வெட்டியெடுத்த கத்தி கிடைக்கும். அவர் கையில் அது ஆறு மாதம். மாதத்துக்கு 250 ரூபா. பட்டறைக் கத்தி தீட்டித் தீட்டி நாலு வருடம் போனால் 5,100-ம் மாதத்துக்கு 106 ரூபாதான். அவருக்குக் கூரை உயரத்தில் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் அரைக் கிலோ சாளை கழுவும் வீட்டுக்குக் கூரை வேறு. அப்படி வந்த ஒரு அம்மாவிடம் அண்ணை, "உங்களுக்கு இது வேண்டாம் அம்மா, கடைக் கத்தி காணும்" என்று சொன்னதைக் காதால் கேட்டேன். விலையைக் குறைப்பதைவிட அது நேர்மையான வேலை.

தரை கூரையை முட்டினால்? கூலியை வெட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன் நேரத்தைப் பார்க்கலாம். ஒரு கத்திக்கு ஒருமுறை உலை மூட்டாமல், ஒரே மூட்டலில் நாலைச் சூடாக்கி, நாலையும் அடித்து, நாலுக்கும் சேர்த்துப் பிடி போட்டால், கத்திக்கு மூன்றரை மணித்தியாலம் இரண்டரையாக இறங்கலாம். கரியும் மிச்சம். அப்போது சாமான் 850, கூலியும் மேந்தலையும் 2,375, உடைவு 250. பத்து வீத இலாபத்தோடு 3,800 சொச்சம். விலை ஆயிரத்துக்குமேல் இறங்கியது, அண்ணையின் மணித்தியாலக் கூலியில் ஒரு சதம் குறையவில்லை.

உப்புவெளிப் பக்கம் வரும் வெள்ளைக்காரருக்கு அதே கத்தியை மூன்று மடங்கு விலைக்குத் தள்ளுவதைப் பலர் கெட்டித்தனம் என்கிறார்கள். பிடியை மினுக்கி, உறை தைத்து, இன்னும் நாலு மணித்தியாலம் போட்டால் அது வேறு கத்தி, வேறு விலை, அதில் பிழையில்லை. அதே கத்தி, ஆளைப் பார்த்து மூன்று மடங்கு என்றால் அதற்குப் பெயர் அறா விலை.

## கடைக்காரரின் கால்வாசி

டவுன் கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் விற்ற விலையில் 25 வீதம் கேட்பார். அண்ணை 5,100-க்கு 25 வீதத்தைக் கூட்டி 6,375 என்று விலைச்சீட்டு ஒட்டினார். விற்றதும் கடைக்காரர் 6,375-இல் கால்வாசியை எடுத்தார். கையில் வந்தது 4,781. இலாபத்தில் பெரும்பங்கு போயிற்று, யாரும் ஏமாற்றவில்லை. கிரயத்தின் மேல் கூட்டுகிற வீதமும் விற்ற விலையில் கழிக்கிற வீதமும் ஒன்றல்ல. 5,100 கைக்கு வர வேண்டுமென்றால் அதை 0.75-ஆல் பிரிக்க வேண்டும்: 6,800.

## 2022 படிப்பித்தது

அந்த வருடம் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து இரண்டே மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அண்ணை அப்போதும் முந்தின வருடம் வாங்கிப் போட்ட தகட்டின் விலையில்தான் கணக்குப் பார்த்தார். "வாங்கினது மலிவாத்தானே." கத்திகள் மளமளவென்று விற்றன. தகடு முடிந்து புதிதாக வாங்கப் போனபோது, விற்ற காசுக்குப் பாதித் தகடுகூட வரவில்லை. முதலுக்கே மோசம்.

போட்ட விலையை அல்ல, இன்றைக்குத் திரும்ப வாங்க ஆகும் விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மாற்றீட்டுக் கிரயம் என்பது அதன் பெயர். பொருள் விலை ஆடாத காலத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; அதனால்தான் மறந்துபோகிறது.

போன கிழமை நானா திரும்பவும் வந்தார், மச்சானுக்கு இன்னொரு கத்தி வேண்டுமாம். அண்ணை சுவரில் கரியால் எழுதி வைத்திருந்த கூட்டலைக் காட்டினார். நானா மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்து, "உடைஞ்சது முந்நூறு" என்ற இடத்தில் நின்று, மூலையில் கிடந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஐயாயிரத்து நூறை எண்ணிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து பழைய கத்தியை எடுத்தார். "இதை ஒருக்காத் தீட்டித் தாங்களேன் தம்பி. எவ்வளவு?"

"உதுக்கென்ன நானா, சும்மா தாங்கோ."

சாணையில் அரை மணித்தியாலம் போனது. நான் கொப்பியில் 475 என்று எழுதிக்கொண்டேன்.